தாவாரம் போடுறது சரி, தண்ணி எங்க போகுது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, கிரில், தண்ணி டேங்க் ஸ்டேண்ட், மாட்டுப்பட்டி கூரைன்னு எல்லாம் செய்வோம், ஆனா இப்ப கொஞ்ச காலமா கூட வர்றது கடைக்கும் வீட்டுக்கும் முன்னால எறக்குற தகரத் தாவாரம்தான். 2022ல சாமான் வெலை ஏறுனதுக்கு பெறகு புதுசா ஒரு காம்பரா கட்ட யாருகிட்ட சல்லி இருக்கு, அதனால இருக்குற செவத்துலயே நாலு பாக்ஸ் பார அடிச்சு மேல அமானோ தகர சீட்ட போட்டு அதையே இஸ்தோப்பா, அடுப்படியா, பெட்டிக்கடையா ஆக்கிக்கிறாங்க. எனக்கு வேலை வருது, சந்தோசம்தான். ஆனா இந்த தாவாரத்த எல்லாம் எப்படி போடுறாங்க, அதுல விழுற தண்ணி எங்க போகுதுன்னு கேக்குறதுக்கு ஆளே இல்ல, பிரதேச சபையில இருந்தும் யாரும் வர்றதில்ல தேயிலைத் தோட்டத்து ஒப்பீஸ்ல இருந்தும் யாரும் வர்றதில்ல, அதுக்குத்தான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், எடம் பத்தலைன்னு வெட்டுறதா இருந்தா தண்ணியப் பத்தி எழுதுனத மட்டும் வெட்டிறாதீங்க.

மொதல்ல டவுன் கதை. மழை நாள்ல எங்க மெயின் ரோட்டு நடைபாதையில ஒரு தடவை நடந்து பாருங்க. ஒவ்வொரு கடைக்கு முன்னாலயும் ஒரு தாவாரம் இருக்கு, ஒண்ணு ஒசரமா இருக்கும் ஒண்ணு பள்ளமா இருக்கும், ஒருத்தர் 3 அடி நீட்டியிருப்பாரு பக்கத்து கடைக்காரரு வீம்புக்கு 6 அடி நீட்டியிருப்பாரு, தகரத்து ஓரத்துல தண்ணிய ஏந்துற பீலி மட்டும் முக்காவாசி கடைக்கு கெடையாது. கடைக்குள்ள சாரல் வரக்கூடாது, வெளிய தொங்கவிட்ட சாமான் நனையக்கூடாது, அதோட அவங்க பாடு முடிஞ்சுது, தண்ணி அப்படியே நடைபாதை மேல கொட்டுது. தாவாரத்துக்கு அடியில நடந்தா ரெண்டு கடை தகரத்துக்கு நடுவுல உள்ள சந்துல தலையில ஊத்தும், கொஞ்சம் வெளிய வந்து நடந்தா தகரத்து முனையில இருந்து வரிசையா ஊத்தும், ரெண்டும் வேணாம்னு ரோட்டுல எறங்குனா பஸ்ஸு வரும். ஸ்கூல் விடுற நேரம் மழை புடிச்சுதுன்னா புள்ளைங்க எல்லாம் ரோட்டுலதான் நடக்குதுங்க. நடக்கிற ஆளுக்கு ஒதுங்க எடம் குடுக்குறோம்னு சொல்லித்தான் கடைக்காரங்க நடைபாதை மேல தகரத்த நீட்டுறாங்க, கடைசியில நடக்கிற ஆள்தான் ரோட்டுக்குப் போறான்.

எவ்வளவு தண்ணின்னு கணக்கு பாத்தா ஆடிப்போயிருவீங்க. 1 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல 1 லீட்டர் தண்ணி, இது ஸ்கூல் புள்ளைக்கும் தெரிஞ்ச கணக்கு. 20 அடி நீளம் 5 அடி அகலத்துல ஒரு தாவாரம்னா 100 சதுர அடி, அது ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். நம்ம பக்கம் ஒரு சாயங்காலத்துல 50 மில்லிமீட்டர் மழை பெய்யுறது பெரிய அதிசயம் இல்ல, அந்த மழையில இந்த சின்ன தகரத்துல மட்டும் 465 லீட்டர் விழுது. இதோட முடியல, கடையோட மேல் கூரை முன்பக்கமா சாஞ்சிருந்தா அந்த தண்ணியும் இந்த தாவாரத்து மேலதான் விழும், மேல 20க்கு 15 அடி கூரைன்னு வச்சுக்குங்க, அதுல இருந்து இன்னும் 1,390 லீட்டர் கிட்ட. ரெண்டையும் கூட்டுனா 1,800 லீட்டருக்கு மேல, ஒரே ஒரு கடை முன்னால, 20 அடி நீளத்துல நடைபாதையில ஊத்துது. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுற எடத்துல இந்த கணக்க நீங்களே போட்டுப் பாருங்க.

நான் வேலைக்கு அளவு எடுக்க போறப்ப எல்லாம் சொல்லுறேன், மொதலாளி முன்னால ஒரு பீலி போட்டு ஓரத்துல ஒரு டவுன் பைப் எறக்கி ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கான்ல விட்டுருவோம், சீட்டுக்கு ஆகுற செலவோட பாத்தா அது ஒண்ணும் பெருசு இல்லன்னு. "அதெல்லாம் வேணாம் பாஸ், ரோட்டுலதானே விழுது" அப்படின்னு ஒரே பதில். ஆனா அதே மொதலாளி பெரிய எழுத்துல கடை பேரு எழுதுன டிஜிட்டல் போர்ட்டுக்கு மட்டும் கேக்குற காச குடுப்பாரு. இன்னும் சில பேரு பீலி போட சம்மதிப்பாங்க, ஆனா பைப்ப கீழ வரைக்கும் எறக்க விடமாட்டாங்க, கடை முன்னால பைப்பு நின்னா அசிங்கமா இருக்காம், அதனால 8 அடி ஒசரத்துல இருந்து மொத்த தண்ணியும் ஒரே எடத்துல கொட்டும், அதுக்கு பீலியே இல்லாம இருக்கிறது மேல். இது போக டவுன் கான் எல்லாம் பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலும் அடைச்சு கெடக்கு, பைப்ப ஒழுங்கா எறக்குனாலும் தண்ணி திரும்பி மேல வருது, அது கடைக்காரங்க குத்தம் மட்டும்னு சொல்ல மாட்டேன்.

தகரத்தோட முனையப் பத்தியும் சொல்லணும். நடைபாதை மேல நீட்டுற தகரத்துக்கு கீழ் முனை கொறைஞ்சது 8 அடி ஒசரத்துலயாவது இருக்கணும்னு நான் புடிவாதமா நிப்பேன், சாரல் வருது எறக்கிப் போடுங்கன்னு சொன்னா வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். சில எடத்துல வெட்டுன முனை சரியா கண்ணு நேருக்கு இருக்கு, மடிச்சு விடுறதில்ல, பைப்போ ஆங்கிளோ வச்சு மூடுறதும் இல்ல, குடை புடிச்சிட்டு குனிஞ்சு வர்ற ஆளுக்கு அது தெரியாது.

இப்ப காத்து. தாவாரம் கழண்டு விழும்னு எல்லாரும் பயப்படுறது பாரத்துக்குத்தான், ஒரு ஆளு ஏறி நிக்கலாமான்னு கேப்பாங்க, கொரங்கு குதிச்சா தாங்குமான்னு கேப்பாங்க, கொரங்கு கேள்வி நியாயமான கேள்விதான், எங்க பக்கம் கூட்டமா வந்து தகரத்து மேல கூத்தடிக்குதுங்க. ஆனா தகரத்த கழட்டுறது பாரம் இல்ல, அடியில இருந்து தூக்குற காத்து. 0.47 மில்லிமீட்டர் கனத்துல சீட்டு ஒரு சதுர மீட்டருக்கு 4, 4.5 கிலோதான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா ஒரு சதுர மீட்டர்ல ஏறக்குறைய 47 கிலோ அழுத்தம் வரும், சீட்டோட பாரத்த விட பத்து மடங்கு. நான் மேல சொன்ன 20க்கு 5 அடி தாவாரத்துக்கு அது 400 கிலோவையும் தாண்டும், பாக்ஸ் பாரும் சீட்டும் எல்லாம் சேத்தே 120 கிலோ வராது. செவத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல காத்து போய் முட்டி வெளிய போக வழி இல்லாம மேல தூக்கும், காத்துல குடை திருப்பிக்கிற மாதிரி. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும். அதே மாதிரி தாவாரத்த 3 அடியில இருந்து 6 அடிக்கு நீட்டுனா செவத்து போல்ட்டுக்கு வர்ற இழுவை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. பக்கத்து கடைக்காரருக்கு போட்டியா நீட்டுறவங்க இத ஒருக்கா நெனைச்சுக்கிட்டா நல்லம்.

அதனால போல்ட்டு எதுல புடிக்குதுன்றதுதான் முழு வேலையும். நல்ல கொங்கிரீட் பீம்ல, லின்டல்ல ஆங்கர் போல்ட் அடிச்சா அது இருக்கும். இப்ப வர்ற உள்ள பொந்து இருக்குற சீமெந்து கல்லுல அதே ஆங்கர் போல்ட்ட முறுக்குனா கல்லு உள்ளுக்குள்ள நொறுங்கி போல்ட்டு சும்மா சுத்தும், மேல சீமெந்து பூசி மறைச்சிட்டு போயிருவாங்க, வெயில் காலம் முழுக்க நல்லாத்தான் இருக்கும். அந்த மாதிரி செவருக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டை போட்டு நீள போல்ட்டு விட்டு உள் பக்கம் ஒரு இரும்பு பிளேட் வச்சு நட்டு முறுக்கணும். வீட்டுக்காரரு மொகம் சுளிப்பாரு, காம்பராவுக்குள்ள நட்டு தெரியுதுன்னு. ஒரு காலண்டர மாட்டி மறைங்க ஐயான்னு சொல்லுவேன்.

லயத்துக்கு, அதாவது தோட்டத்துல ஒரே கூரையில வரிசையா ஒட்டிக் கட்டுன தொழிலாளர் வீட்டுக்கு வந்தா கதை வேற. நம்ம பழைய லயத்து செவரு நெறைய எடத்துல கருங்கல்லும் மண்ணும் வச்சு கட்டுனது, மேல சுண்ணாம்பு பூச்சு, அதுக்கு மேல வருசாவருசம் தீபாவளிக்கு அடிச்ச பெயிண்டு. ட்ரில்ல வச்சா கல்லுக்கு மேல பிட்டு வழுக்கும், கல்லுக்கு நடுவுல வச்சா மண்ணு கொட்டும். அந்த செவத்துல ப்ளக் அடிச்சு தொங்குற தாவாரத்த மாட்டக்கூடாது, மாட்டவே கூடாது. அங்க செய்ய வேண்டியது முன்னால தூண் நிறுத்துறது, 2 அங்குல ஜிஐ பைப்போ (சிங்க் பூசுன இரும்புப் பைப்பு) பாக்ஸ் பாரோ நிறுத்தி அடியில ஒண்ணரை அடி ரெண்டு அடி குழி வெட்டி கொங்கிரீட் போட்டா கூரைய தூக்குற காத்துக்கு அந்த கொங்கிரீட் பாரம்தான் பதில் சொல்லும், செவரு சும்மா அணைச்சு நின்னா போதும். ஆனா இங்கதான் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கு. காணி தோட்டத்துக்காரங்களது, லயமும் அவங்களது, நம்ம சனம் தலைமுறை தலைமுறையா அதே 10க்கு 12 அடி காம்பராவுல இருந்தாலும் ஒரு ஆணி அடிக்க ஒப்பீஸ்ல கேக்கணும். நான் வேலைக்கு போன ஒரு தோட்டத்துல செவத்துல தகரம் எறக்கிக்கிறதுக்கு வாய்மொழியா சரின்னு சொல்லிட்டு, தூணுக்கு குழி வெட்டுனா மட்டும் நிறுத்துனாங்க, கொங்கிரீட் போட்டா நிரந்தர கட்டடம் ஆயிருமாம், அது கூடாதாம். அதாவது விழுற மாதிரி போட்டா அனுமதி, விழாத மாதிரி போட்டா அனுமதி இல்ல. தோட்டத்த நடத்துற தொரைமாருக்கு இது வெளங்காமலா இருக்கும், காணிய பத்தி பயம், அவ்வளவுதான். ஒரு தாவாரத்து தூணுக்கு குழி வெட்டுனதால எந்த குடும்பமும் காணி உறுதி வாங்குனதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

இன்னொண்ணு, லயத்துல கூரை ஒண்ணு, வீடு பல. ஒரு வீட்டுக்காரரு தன் காம்பராவுக்கு முன்னால மட்டும் தகரம் எறக்குனா அவரு தண்ணி பக்கத்து வீட்டு வாசல்ல போய் விழும், அதுல இருந்து சண்டை ஆரம்பிச்சு சம்பந்தமே முறிஞ்ச கதை எல்லாம் எனக்கு தெரியும். செய்யுறதா இருந்தா வரிசை முழுக்க சேந்து ஒரே ஒசரத்துல ஒரே சரிவுல போட்டு ஒரு பீலிய முழு நீளத்துக்கும் ஓடவிட்டு கடைசியில கான்ல எறக்கணும். செலவும் ஆளுக்கு கொறையும். அதே மாதிரி லயத்து கூரைக்கு அடியில நின்னு வெல்டிங் அடிக்க நான் ஒத்துக்கவே மாட்டேன், ரீப்பர் எல்லாம் காஞ்ச மரம், இஸ்தோப்பு முழுக்க வெறகு அடுக்கி இருக்கும், ஒரு பொறி போதும், ஒரு வீட்டுல புடிச்சா கூரை வழியா கடைசி வீடு வரைக்கும் போகும்னு நம்ம சனத்துக்கு சொல்ல வேண்டியதில்ல. பட்டறையிலயே ஃப்ரேம வெல்ட் பண்ணி பெயிண்ட் அடிச்சு கொண்டு போய் அங்க நட்டு போல்ட்டு மட்டும் முறுக்கணும்.

கரண்டு வயரு பத்தி சொல்லாம விட்டா பாவம். போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு வர்ற மெயின் வயரு முன் செவத்துல கூரை ஓரத்துல ஒரு பிராக்கெட்ல வந்துதான் நிக்கும், தாவாரம் எறக்குற எடமும் அதேதான். நெறைய பேரு வயர கொஞ்சம் ஒதுக்கி விட்டுட்டு தகரத்த அதுக்கு அடியிலயோ மேலயோ சொருகிருவாங்க. காத்துல ஆடி ஆடி தகரத்து முனை வயரு தோல அறுக்கும், அதுக்கு பெறகு தாவாரம் முழுக்க, தூண் முழுக்க கரண்டு. அந்த தூண்லதான் துணி காயப்போட கம்பி கட்டுவாங்க. கரண்டு ஒப்பீஸ்ல எழுதிக் குடுத்து வயர மாத்தி எடுத்துட்டுத்தான் வேலை ஆரம்பிக்கணும், அதுக்கு நாளாகும்னு யாரும் காத்திருக்கிறதில்ல. வீட்டுல கரண்டு கசிஞ்சா தானா வெட்டி விடுற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு அந்த டெஸ்ட் பட்டன ஒரு தடவை அமுக்கியாவது பாருங்க. ஆனா வயரு அறுபட்டது மீட்டருக்கு வெளிய இருந்தா வீட்டு ட்ரிப் சுவிட்ச் அத காப்பாத்தாது, அதையும் சொல்லிர்றேன்.

7 பேர்ச் காணியில 550 சதுர அடியில கட்டிக் குடுத்த புது வீடுகளுக்கும் இப்ப முன்னாலயும் பின்னாலயும் தாவாரம் எறக்குறாங்க, வெறகு அடுப்பு வைக்க எடம் வேணுமே. வீடு நல்ல வீடுதான், செவரும் நல்ல செவரு. ஆனா அந்த வீடு எல்லாம் சரிவுல மண்ணு வெட்டி மட்டம் எடுத்த எடத்துல இருக்கு, பின்னால மேடு, முன்னால பள்ளம், பள்ளத்துல அடுத்த வீடு. பின்பக்க தாவாரத்து தண்ணி நேரா வெட்டுன மேட்டோட அடியில விழுது, முன்பக்க தண்ணி கீழ் வீட்டு மேட்டு தலையில விழுது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழையில பதுளையிலயும் கண்டியிலயும் நம்ம மாவட்டத்துலயும் எத்தனை எடத்துல மலை எறங்குச்சுன்னு நம்ம எல்லாரும் பாத்தோம், 2014 அக்டோபர்ல கொஸ்லாந்தை மீரியபெத்தையில ஒரு லயத்து சனமே மண்ணுக்குள்ள போனத இன்னும் மறக்கல. அந்த சரிவு எல்லாம் தாவாரத்தால வந்ததுன்னு சொல்ல நான் பைத்தியம் இல்ல. ஆனா சரிவுல தண்ணி ஊறுனா மண்ணு எறங்கும்னு கான் வெட்டுற தோட்டத்து ஆளுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், தேயிலை மலையில கான் வெட்டுறதே தண்ணி கண்ட எடத்துல ஓடி மண்ண இழுக்காம இருக்கத்தான். மலைக்கு அவ்வளவு பக்குவம் பாக்குற நம்ம வீட்டுக்கு பின்னால மட்டும் 100 சதுர அடி தகரத்து தண்ணிய ஒரே எடத்துல மண்ணுல ஊத்த விடுறோம். பீலி போட்டு, பைப்புல எறக்கி, சீமெந்து கான்ல சேத்து, சரிவு தாண்டி விடணும், இல்லாட்டி ஒரு டேங்க்ல புடிக்கணும், குழாயில தண்ணி வராத நாளைக்கு அதுவும் உதவும். பின் மேட்டுல வெடிப்பு தெரிஞ்சா, மரம் சாஞ்சா, திடீர்னு கலங்கல் தண்ணி ஊத்தெடுத்தா தாவாரத்த மறந்துட்டு ஆள வெளிய எடுங்க, கிராம சேவகருக்கு சொல்லுங்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுற அறிகுறி இதெல்லாம்தான்.

மத்த விசயங்கள சுருக்கமா எழுதுறேன், தொழில் பழகுற தம்பிமாரு படிச்சா பிரயோசனப்படும். அமானோ சீட்டுல மேல பூசியிருக்கிறது அலுமினியமும் சிங்க்கும் கலந்தது, 55 வீதம் அலுமினியம், அத க்ரைண்டர் போட்டு வெட்டுனா சூட்டுல பூச்சு எரிஞ்சு வெட்டுன முனையில இருந்து துரு ஏறும், கத்தரியாலதான் வெட்டணும், ட்ரில் போட்ட இரும்புத் தூள அன்னைக்கே தொடச்சு எடுக்கணும். செவத்தோட சேர்ற எடத்துல சீமெந்து அப்புறது எல்லாரும் செய்யுற வேலை, சீமெந்து ஈரமா இருக்கிறப்ப அலுமினியத்த அரிக்கும், தகரம் வெயிலுக்கு நீண்டு சுருங்கி ரெண்டு மாசத்துல வெடிப்பும் விடும், ஒழுகல் அங்கதான் ஆரம்பம். செவத்துல ஒரு காடி வெட்டி ஃப்ளாஷிங் தகடு சொருகி சிலிக்கன் வைக்கிறதுதான் சரி. சரிவு அடிக்கு 1 அங்குலம்னா 5 டிகிரி கூட வராது, நம்ம மழைக்கு அடிக்கு 2 அங்குலமாவது குடுங்க. ஸ்க்ரூ சீட்டோட மேட்டுல அடிங்க, ரப்பர் வொஷர் பிதுங்குற அளவுக்கு முறுக்காதீங்க. சீட்டுக்கு மேல சீட்டு ஏத்துறப்ப காத்து வர்ற பக்கத்துக்கு வாய் தொறந்து இருக்கக்கூடாது, ஹட்டன் மஸ்கெலியா பக்கம் வர்ற தென்மேல் பருவக்காத்து மே மாசத்துல ஆரம்பிக்கும், பதுளை வெலிமடை பக்கம் பெரிய மழை வடகீழ் காத்தோடதான் வரும், ஒரே மாதிரி எல்லா எடத்துலயும் போட்டா ஒரு பக்கம் ஒழுகும். ஜிஐ பைப்ப வெல்ட் பண்ணுறப்ப வர்ற வெள்ளைப் புகை சிங்க் புகை, அத இழுத்தா அன்னைக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும், பால் குடிச்சா சரியாகும்னு பழைய பாஸ்மாரு சொல்லுவாங்க, பால் நல்ல சாமான்தான் ஆனா அது புகைக்கு மருந்து இல்ல, காத்தோட்டமா நின்னு அடிங்க, வெல்ட் பண்ண எடத்துல பூச்சு போயிரும் அதனால சிங்க் பெயிண்ட் அடிங்க. பழைய அஸ்பெஸ்டாஸ் சீட்ட வெட்டி தாவாரத்துக்கு போட சொல்லி கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க, அந்த தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராது.

நுவரெலியா பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1,868 மீட்டர் ஒசரத்துல தை மாசி ராத்திரியில தகரம் ஐஸா குளிரும், அடியில அடுப்பு எரிஞ்சா ஆவி போய் தகரத்துல பட்டு தண்ணியா சொட்டும், ஒழுகுதுன்னு என்னைய கூப்புட்டு ஏச வேணாம், ஓரத்துல காத்து போக எடம் விடணும். அப்புறம் லயத்து காம்பராவுக்கு வெளிச்சமே முன் கதவு வழியாத்தான், முழுக்க தகரம் போட்டா பகல்ல லைட் போடணும். நடுவுல வெளிச்சம் உள்ள விடுற லைட் சீட் ஒண்ணு வைங்க. வயசான பாட்டிமாரு வாசல்ல உக்காந்து அரிசி பொடைக்கிறது அந்த வெளிச்சத்துலதான், தாவாரம் போட்டதுல இருந்து வீடு குகையாப் போச்சுன்னு ஒரு பாட்டி என்னைய பாக்குறப்ப எல்லாம் இன்னும் திட்டுது, அந்த வீட்டுக்காரரு லைட் சீட்டுக்கு சல்லி குடுக்கல, நான் என்ன செய்ய.

சரி, கேக்க வந்தத கேட்டுர்றேன். 1987ம் வருசத்து பிரதேச சபை சட்டத்துல 33ம் பிரிவு இருந்ததால தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க முடியாதுன்னு ரொம்ப காலம் சொன்னாங்க, அத 2018ல திருத்தியாச்சு. அதே நேரத்துலதான் அம்பகமுவவ பிரிச்சு நோர்வூட், மஸ்கெலியான்னும் நுவரெலியாவ பிரிச்சு கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னும் புது சபைங்க வந்துச்சு. இப்ப தோட்டமும் டவுனும் சபைக்குள்ளதான் இருக்கு, அதனால டவுனுக்கு ஒரு கேள்வி தோட்டத்துக்கு ஒரு கேள்வி.

டவுனுக்கு: நடைபாதை மேல தாவாரம் நீட்டணும்னா கடைக்காரரு எங்க போய் கேக்கணும், எத்தனை அடி நீட்டலாம், கீழ் முனை எத்தனை அடி ஒசரம் இருக்கணும், கட்டணம் எவ்வளவு? இத தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு தாள்ல அடிச்சு சபை வாசல்லயும் ஹார்ட்வெயார் கடைங்கள்லயும் ஒட்டுங்க. பீலியும் கான் வரைக்கும் எறங்குற பைப்பும் இல்லாத தாவாரத்துக்கு அனுமதி குடுக்காதீங்க, ஏற்கனவே இருக்கிறதுக்கு ஒரு தவணை குடுங்க. தண்டம் அடிக்கிறதுக்கு முன்னால கான சுத்தம் பண்ணுங்க, இல்லாட்டி கடைக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அவங்க பக்கம் நியாயமும் இருக்கும்.

தோட்டத்துக்கு: தாவாரத்து தூணுக்கு ரெண்டு அடி குழியில கொங்கிரீட் போடுறது கட்டடம் கட்டுறதா இல்லையான்னு தோட்ட நிர்வாகங்களும் சபைங்களும் ஒண்ணா உக்காந்து ஒரு முடிவு எடுத்து எழுத்துல குடுங்க. வாய்மொழி அனுமதிய வச்சுக்கிட்டு என்னைய மாதிரி ஆளுங்க வேலை செய்ய முடியாது, புது தொரை வந்தா பழைய தொரை சொன்னது செல்லாது. தேர்தல் நேரத்துல லயத்துக்கு தகரம் குடுக்குற தலைவர்மாரும் தகரத்தோட சேத்து ஒரு வரிசைக்கு ஒரு பீலியும் டவுன் பைப்பும் குடுத்தா போட்டோவுக்கு எந்த கொறையும் வராது.

தென்மேல் காத்து மே மாசம் தொடங்கிரும், அதுக்கு முன்னால ஏப்ரல் சீசனுக்கு கடைங்க எல்லாம் புதுசு பண்ண பங்குனியிலயே ஓடர் வர ஆரம்பிக்கும். சபையில இருந்து யாராவது பதில் சொல்லுறதா இருந்தா தபால்ல எனக்கு அனுப்ப வேணாம், உங்க பத்திரிகையிலயே போடுங்க, நான் அத வெட்டி பட்டறையில ஒட்டி வச்சு அளவு கேட்டு வர்ற மொதலாளிமாருக்கு காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரன்,
நுவரெலியா மாவட்டம்.